உப்பு எனும் சான்று: புறக்கோள் விண்கலங்களின் வரலாற்றில் காவலூர் மலையும் மரக்காணம் அளமும்

ஆய்வுச் சுருக்கம்

வியாழன், சனி, யுரேனஸ் ஆகிய புறக்கோள்களையும் அவற்றின் நிலவுகளையும் ஆராய்ந்த ஆளில்லா விண்கலங்களின் வரலாறு, பெரும்பாலும் ஏவுதல், நெருங்குதல், படமெடுத்தல் என்னும் நிகழ்ச்சி வரிசையாகவே தமிழில் எழுதப்படுகிறது. விண்கலம் அனுப்பிய அளவீடு எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பது அதில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை, 1972, 1977 ஆகிய ஆண்டுகளில் சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் நிகழ்ந்த இரு பதிவுகளிலிருந்து தொடங்கி, புறக்கோள் நிலவுகளில் உப்பு கண்டறியப்பட்ட வரலாற்றை ஆராய்கிறது. உப்புச் சான்றைப் படிக்கும் முறையை விளக்க மரக்காணம் உப்பளம் ஒப்பீட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது. நிலத்துச் சான்றும் விண்கலச் சான்றும் ஒன்றையொன்று திருத்தியே இவ்வரலாறு முன்னேறியது என்பதும், தமிழ்நிலத்தின் பங்கை அதன் பிழைகளோடு சேர்த்து எழுதுவதே முறையான வரலாறு என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: புறக்கோள்கள், விண்கலம், காவலூர், மரக்காணம், உப்பளம், கனிமீடு, யூரோப்பா, என்செலாடஸ், அறிவியல் வரலாறு

முன்னுரை

1977 ஆகஸ்டு 20 அன்று வாயேஜர் 2 விண்கலமும், செப்டம்பர் 5 அன்று வாயேஜர் 1 விண்கலமும் ஏவப்பட்டன. இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதில் 55 மொழிகளில் வாழ்த்துரைகள் பதிவாகியுள்ளன. வழக்கொழிந்த சுமேரியமும் அக்காடியமும் அதில் உள்ளன. தெலுங்கு, கன்னடம், சிங்களம், வங்காளம், மராத்தி, ஒடியா முதலியனவும் உள்ளன. தமிழ் இல்லை. 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1, 2018 நவம்பரில் வாயேஜர் 2 என இரு கலங்களும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீனிடை வெளிக்குள் சென்றுவிட்டன. இனி அத்தட்டைத் திருத்த வழியில்லை.

புறக்கோள் ஆய்வில் தமிழ்நிலத்தின் இடம் யாது என்னும் வினாவுக்கு இத்தட்டில் விடை தேடினால் கிடைப்பது ஒரு வெற்றிடமே. அதே வினாவை வாழ்த்துரையில் தேடாமல் அளவீட்டில் தேடினால் விடை வேறாகிறது. வாயேஜர் ஏவப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, கனிமீடு என்னும் வியாழன் நிலவைப் பற்றிய அளவீடு ஒன்று அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் காவலூரிலிருந்து உலக ஆய்வரங்குக்குச் சென்றது. அந்த ஆய்வறிக்கையில் கையொப்பமிட்டோரில் மூவர், பின்னாளில் புறக்கோள் விண்கலத் திட்டங்களின் தலைமைப் பொறுப்புகளை ஏற்றனர். அவர்களுள் ஒருவரது ஆய்வுப்பாதை யூரோப்பாவின் உப்பு வரை நீண்டது.

உப்பைப் பற்றிய சான்றைப் புரிந்துகொள்ளத் தமிழ்நிலத்தில் மற்றொரு களமும் உண்டு. காவலூருக்குக் கிழக்கே, நேர்கோட்டில் 120 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில், விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் மரக்காணம் அமைந்துள்ளது. மரக்காணத்துக்கும் விண்கலத் திட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. இக்கட்டுரை அத்தகைய தொடர்பை நிறுவ முயலவுமில்லை. கரைந்த உப்பு எந்நிலையில், எவ்வரிசையில் வெளிப்படும் என்பதைக் கண்ணால் காணத்தக்க இடம் என்ற அளவிலேயே அது இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

காவலூர், 1972: கனிமீடின் மறைப்பு

வேணு பாப்புவின் முயற்சியால் 1960-களின் இறுதியில் காவலூரில் வானாய்வகம் உருப்பெற்றது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், நகர ஒளி எட்டாத காட்டுப்பகுதியில் அது அமைந்தது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் செய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. அவ்வாண்டு சூன் 7 அன்று, எட்டாம் ஒளித்தரத்தைச் சார்ந்த ஒரு விண்மீனைக் கனிமீடு மறைக்க இருந்தது. அந்த மறைப்பைக் காணத்தக்க இடங்கள் தென்னிந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்தன. சாவகத் தீவின் லெம்பாங்கிலும் காவலூரிலும் ஒளிமானிகள் பொருத்தப்பட்டன.

மறைப்பு முறையின் அடிப்படை எளியது. காற்றில்லாத ஒரு பொருள் விண்மீனை மறைத்தால் ஒளி சட்டென அற்றுப்போகும். வளிமண்டலம் சூழ்ந்த பொருள் மறைத்தால் ஒளி படிப்படியாக மங்கும். மங்கும் விதத்தைக் கொண்டு வளிமண்டலத்தின் அடர்த்தியைக் கணிக்கலாம். 1972-இன் ஒளிவரைவுகளில் அத்தகைய மங்கல் தென்பட்டதாக ஆய்வாளர்கள் கருதினர். கனிமீடின் மேற்பரப்பில் காற்றழுத்தம் ஒரு மைக்ரோபாரை விடக் கூடுதலாக இருக்கும் என்னும் முடிவு 1973-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அவ்வறிக்கையின் முதலாசிரியர் ராபர்ட் கார்ல்சன். காவலூர்ப் பதிவுக்குரிய ஜே. சி. பட்டாச்சார்யாவும் லெம்பாங்கைச் சார்ந்த பம்பாங் ஹிதாயத்தும் அதன் ஆசிரியர்களுள் அடங்குவர். பிராட்ஃபோர்டு ஸ்மித், டோரன்ஸ் ஜான்சன் ஆகியோர் பெயர்களும் அதில் உள்ளன.

இம்முடிவு நிலைக்கவில்லை. 1979 மார்ச்சில் வியாழனைக் கடந்த வாயேஜர் 1, தன் புறஊதா நிறமாலைமானியைக் கொண்டு, கனிமீடு மற்றொரு விண்மீனை மறைத்ததை அருகிலிருந்து அளந்தது. அழுத்தத்துக்கு அது தந்த மேல்வரம்பு 1972-இன் மதிப்பை விடப் பல்லாயிரம் மடங்கு குறைவாக இருந்தது. காவலூர், லெம்பாங் பதிவுகளிலிருந்து பெறப்பட்ட அடர்ந்த வளிமண்டலம் கனிமீடில் இல்லை என்பது உறுதியாயிற்று. 1990-களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி, கனிமீடைச் சூழ்ந்து மிக மெல்லிய ஆக்சிசன் படலம் உண்டு எனக் காட்டியது. அது வாயேஜர் வகுத்த வரம்புக்கு உட்பட்டதே.

தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறு இவ்விடத்தில் இரு தவறுகளுக்கு இடம்கொடுக்கக்கூடும். கனிமீடின் வளிமண்டலத்தைக் காவலூர் கண்டுபிடித்தது என்று மட்டும் எழுதி, 1979-இன் திருத்தத்தை விட்டுவிடுவது ஒன்று. முடிவு பிழையானது எனக் கருதி அப்பதிவை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுவது மற்றொன்று. 1972-இன் அறிக்கை, விண்கலம் சரிபார்க்கத்தக்க ஓர் எண்ணை முன்வைத்தது. வாயேஜர் மறுத்தது அந்த எண்ணைத்தான். மறுக்கத்தக்க அளவீட்டை முன்வைப்பதும் ஆய்வுப் பங்களிப்பே ஆகும்.

காவலூர், 1977: துணைக்கோளா, வளையமா?

இரண்டாம் பதிவு 1977 மார்ச் 10 அன்று நிகழ்ந்தது. அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் வான்வழி ஆய்வகத்திலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினரும், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மற்றொரு குழுவினரும், காவலூரிலிருந்து பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதனை அளந்தனர். கோளுக்கு அப்பால் விண்மீன் இருந்தபோதே அதன் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது.

எலியட் குழு, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் இத்தகைய குறைவுகள் நிகழ்ந்ததைக் கண்டு, அவற்றை வளையங்கள் என்று பொருள்கொண்டது. காவலூர்க் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முதல் குறிப்பு, அவ்வொளிக் குறைவை யுரேனசின் புதிய துணைக்கோள் ஒன்றின் விளைவாகக் கூறியது. பின்னர்ப் பதிவை மீளாய்ந்தபோது மேலும் பல குறைவுகள் தெரிந்தன. அதே ஆண்டில், அதே இதழில், பட்டாச்சார்யாவும் பாப்புவும் சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனசுக்கு உண்டு என எழுதினர். ஆகவே காவலூரின் ஒளிவரைவு சரியானது. அதற்கு முதலில் இடப்பட்ட பெயரே பிழையானது. வளையங்களை முதலில் அறிவித்த பெருமை எலியட் குழுவுக்குரியது. தனித்துப் பெற்ற பதிவால் அதனை உறுதிப்படுத்தியது காவலூரின் பங்கு.

இந்நிகழ்ச்சிக்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னர் ஏவப்பட்ட வாயேஜர் 2, 1986 சனவரி 24 அன்று யுரேனசை நெருங்கியது. அதற்குள் வளையங்களை ஆராய்வது கலத்தின் பணித்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. படமெடுத்ததோடு நில்லாமல், வளையங்கள் வழியே விண்மீன்களின் ஒளி மங்கி மீள்வதையும் கலத்தின் ஒளிமானி பதிவுசெய்தது. மலையுச்சியில் கையாண்ட முறையையே விண்கலமும் யுரேனசின் அருகே கையாண்டது எனலாம். முறை ஒன்று, தொலைவும் நுண்மையும் வேறு.

1973-இன் கனிமீடு அறிக்கையில் கையொப்பமிட்டோரின் பிற்காலப் பணியும் இத்தொடர்ச்சியை உறுதிசெய்கிறது. பிராட்ஃபோர்டு ஸ்மித் வாயேஜர் படமெடுப்புக் குழுவின் தலைவரானார். டோரன்ஸ் ஜான்சன், வியாழனைச் சுற்றிய கலிலியோ விண்கலத் திட்டத்தின் தலைமை அறிவியலரானார். கார்ல்சன், அதே கலத்தின் அண்மை அகச்சிவப்பு நிறமாலைக் கருவிக்கு முதன்மை ஆய்வாளரானார். யூரோப்பாவின் மேற்பரப்பில் உப்பு உண்டா என்னும் வினாவை எழுப்பியது அக்கருவியே.

மரக்காணம்: உப்பு படியும் வரிசை

அவ்வினாவுக்குள் செல்லுமுன் உப்பு எதற்குச் சான்றாகும் என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். மரக்காணம் தொன்மையான கடற்கரை ஊர். சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இதுவே என ஆய்வாளர் சிலர் கருதுவர். சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட பூமீசுவரர் கோயில் இங்குள்ளது. கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்நிலையும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இதனைச் சார்ந்துள்ளன. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து உப்பெடுக்கும் தொழில் இங்கு நடைபெறுகிறது. கோடையே விளைச்சற் பருவம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி, தொழில் நின்றுவிடும்.

உப்பளத்தின் அமைப்பே ஒரு வேதியியல் வரிசையாகும். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் முக்காற்பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுப்பு. நீர் வற்றத் தொடங்கும்போது முதலில் சுண்ணாம்புக் கரிமம் சிறிதளவு படியும். நீரின் பருமன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது கால்சியம் சல்பேட்டு படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோற்றுப்பு விளையும். மக்னீசியம் உப்புகள் இறுதிவரை கரைந்தே நிற்கும். அவை செறிந்த கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிடாவிட்டால், உப்பு கசப்பேறி ஈரம் கோத்துக்கொள்ளும். எனவேதான் உவர்நீர் ஒரே பாத்தியில் வற்றவைக்கப்படாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகிறது. இவ்வரிசையை 1849-இல் உசிக்லியோ என்னும் வேதியியலர் மத்தியதரைக்கடல் நீரைக் கொண்டு முறையாக அளந்து எழுதினார். சாலஞ்சர் கப்பல் பல கடல்களிலிருந்து கொணர்ந்த நீரைப் பகுத்தாய்ந்த டிட்மார், பெருங்கடல்களில் முதன்மை உப்புகளின் விகிதம் ஏறத்தாழ ஒன்றே என்பதை 1884-இல் நிறுவினார்.

இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம். முதலாவது, உப்பு இருக்குமிடத்தில் நீர் பாறையையோ மண்ணையோ தொட்டுக் கரைத்த வரலாறு உண்டு. இரண்டாவது, எந்த உப்பு படிந்துள்ளது என்பதைக் கொண்டு நீர் எந்நிலையை அடைந்தது என அறியலாம். மூன்றாவது, பாத்தியிலிருந்து ஆவியாகும் நீர் உப்பை எடுத்துச் செல்வதில்லை. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். உப்பு மேலெழ வேண்டுமாயின் நீர் திவலையாகவே சிதற வேண்டும். கடற்கரைக் காற்றில் உப்புச்சுவை ஏறுவது அலை உடைந்து சிதறும் திவலையால்தான். புறக்கோள் நிலவுகளின் சான்றுகளைப் படிப்பதற்கு இம்மூன்று விதிகளும் அடிப்படையாகின்றன.

கலிலியோ: யூரோப்பாவின் உப்பும் மும்முறைத் திருத்தமும்

1989 அக்டோபரில் ஏவப்பட்ட கலிலியோ, 1995 டிசம்பர் 7 அன்று வியாழனைச் சுற்றிவரும் பாதையை அடைந்தது. அதன் காந்தமானிக்குப் பொறுப்பாளர் மார்கரெட் கிவெல்சன். வியாழனின் காந்தப்புலம் அதன் சுழல் அச்சுக்குச் சாய்ந்திருப்பதால், யூரோப்பாவைச் சூழ்ந்த புலத்தின் திசை சுமார் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மீள்கிறது. அம்மாற்றத்துக்கு ஏற்ப யூரோப்பாவுக்குள்ளும் ஒரு தூண்டற்புலம் தோன்றுவதை 2000 சனவரியில் நிகழ்ந்த நெருக்கம் உறுதிப்படுத்தியது. பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது. தூய நீரும் போதிய அளவில் கடத்தாது. உவர்நீர் கடத்தும். ஆகவே யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில் கடல் உண்டு என்பதற்கான வலிய சான்று, அந்நீர் உப்பு நீர் என்பதையும் உடன் தெரிவிக்கிறது. உப்பில்லாவிடில் அக்கடல் காந்தமானிக்குப் புலப்பட்டே இராது.

எந்த உப்பு என்பதே அடுத்த வினா. கார்ல்சனின் கருவி பதிவுசெய்த அகச்சிவப்பு நிறமாலையில், தூய பனியின் நிறமாலையிலிருந்து திரிந்த வடிவம் சில பகுதிகளில் தென்பட்டது. 1998-இல் தாமஸ் மெக்கார்டு குழுவினர் அதனை நீரேறிய மக்னீசியம் சல்பேட்டு முதலிய உப்புகளின் அடையாளம் எனப் பொருள்கொண்டனர். அடுத்த ஆண்டே கார்ல்சனும் ஜான்சனும் மற்றொரு விளக்கத்தை முன்வைத்தனர். அத்திரிபு உப்பால் அன்று, கதிர்வீச்சால் உண்டாகும் நீரேறிய கந்தக அமிலத்தால் நேர்வது என்பது அவர்களது கருத்து. 2013-இல் மைக்கேல் பிரவுனும் கெவின் ஹேண்டும், தரைத் தொலைநோக்கி கொண்டு செய்த ஆய்வில், மக்னீசியம் சல்பேட்டு யூரோப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதைக் காட்டினர். அயோ நிலவின் எரிமலைகளிலிருந்து வந்து சேரும் கந்தகம் அப்பக்கத்தையே தாக்குகிறது. எனவே அந்த சல்பேட்டு கடலிலிருந்து நேராக வந்ததன்று, கடலுப்பு மேற்பரப்பில் மாற்றமடைந்து உண்டானது என்றும், மூல உப்பு குளோரைடாக இருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர்.

2015-இல் ஹேண்டும் கார்ல்சனும் சோற்றுப்பை ஆய்வகத்தில் யூரோப்பாவின் குளிருக்கும் வெற்றிடத்துக்கும் கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினர். வெண்ணிற உப்பு மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறியது. யூரோப்பாவின் பிளவுகளில் காணும் நிறம் அதனை ஒத்திருந்தது. 2019-இல் சமந்தா டிரம்போ குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு, கதிர்வீச்சுற்ற சோடியம் குளோரைடுக்குரிய உறிஞ்சற்பட்டையை 450 நானோமீட்டருக்கு அருகில் கண்டனர். கந்தகம் தாக்காத பக்கத்தில், மேற்பரப்பு உடைந்து குலைந்த தாரா பகுதியில் அது மிகுந்திருந்தது.

இங்கு வரலாற்றுக்குரிய செய்தி, ஒரே நிறமாலை மூன்று முறை படிக்கப்பட்டது என்பதாகும். மக்னீசியம் உப்பு எனவும், அமிலம் எனவும், உருமாறிய குளோரைடு எனவும் அது பொருள்கொள்ளப்பட்டது. மரக்காணம் அளத்தில் மக்னீசியம் உப்பு செறிந்த நீர், சோற்றுப்பு விளைந்து முடிந்ததைக் காட்டும் கடைநிலை அடையாளம். அவ்வறிவை அப்படியே யூரோப்பாவுக்குப் பொருத்தியிருந்தால், மேற்பரப்பில் கண்ட மக்னீசியம் சல்பேட்டு கடல்நீரின் கடைநிலைச் செறிவைக் காட்டுகிறது என்னும் தவறான முடிவே கிடைத்திருக்கும். உப்பு வந்த வழியை அறியாமல் உப்பின் வகையைக் கொண்டு மட்டும் நீரின் நிலையை முடிவுசெய்யலாகாது என்பதை இத்திருத்தம் உணர்த்துகிறது. 1972-இல் கனிமீடின் வளிமண்டலத்தை மிகையாக மதித்த அறிக்கையின் முதலாசிரியரே, தம் கருவி தந்த தரவின் முதல் விளக்கத்தை மறுத்தும், பின்னர் ஆய்வகத்தில் சோற்றுப்பைச் சோதித்தும் இவ்வரலாற்றில் தொடர்ந்து நிற்பது குறிப்பிடத்தக்கது.

காசினி: ஆவியும் திவலையும்

சனியின் நிலவான என்செலாடசில் மேற்கூறிய மூன்றாம் விதி பயன்பட்டது. 1997 அக்டோபரில் ஏவப்பட்ட காசினி, 2004 சூலை 1 அன்று சனியின் சுற்றுப்பாதையை அடைந்தது. என்செலாடசின் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை அது 2005-இல் கண்டது. அவற்றின் மூலம் திரவ நீரா, அல்லது பனி நேரடியாக ஆவியாவதா என்பதில் கருத்து வேற்றுமை நிலவியது.

2009-இல் இரு அறிக்கைகள் 'நேச்சர்' இதழில் ஒருங்கே வெளிவந்தன. ஒன்று, தரைத் தொலைநோக்கிகளால் ஆவியில் சோடியத்தைத் தேடியும் காணவில்லை என்றது. மற்றொன்று, ஃபிராங்க் போஸ்ட்பெர்க் தலைமையில், காசினியின் தூசுப் பகுப்பான் அளந்த பனித்துகள்களில் ஒரு பகுதி சோடியம் உப்புகள் செறிந்தவை என்றது. முதல் நோக்கில் இவை முரண்படுவனபோல் தோன்றும். ஆனால் பாத்தியின் ஆவியில் உப்பில்லை, சிதறும் திவலையில் உப்புண்டு என்னும் விதியைக் கொண்டு நோக்கினால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆவி உப்பற்றது, உப்புத் துகள்கள் திரவ நீர் திவலையாகச் சிதறி உறைந்தவை. பனி நேரடியாக ஆவியாகிப் படிந்திருந்தால் அத்துகள்களில் அவ்வளவு உப்பு இருக்க இயலாது. பாறையைத் தொட்டுக் கிடக்கும் உவர்நீரே மூலம் என்னும் முடிவு இவ்வாறு வலுப்பெற்றது. ஒரு தேடலில் கிடைத்த இன்மையும் மற்றொரு தேடலில் கிடைத்த உண்மையும் சேர்ந்தே சான்றாயின. 2023-இல் அத்துகள்களின் பழைய தரவை மீளாய்ந்து பாஸ்பேட்டும் கண்டறியப்பட்டது. காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் வீழ்ந்து முடிந்த பின்னரும் அதன் தரவு புதிதாகப் படிக்கப்பட்டு வருகிறது.

ஜூனோ: மீண்டும் கனிமீடு

காவலூர் கனிமீடின் மறைப்பைப் பதிவுசெய்து 49 ஆண்டுகள் நிறைந்த அதே சூன் 7 அன்று, 2021-இல், ஜூனோ விண்கலம் கனிமீடைச் சுமார் 1,040 கி.மீ. தொலைவில் கடந்தது. நாள் ஒன்றாயது தற்செயலே. ஆயினும் இரு நாள்களுக்கும் இடையிலான மாற்றம் ஆராயத்தக்கது. 1972-இல் ஒரு விண்மீனின் ஒளி மங்குவதிலிருந்து காற்றின் அழுத்தம் ஊகிக்கப்பட்டது. 2021-இல் மேற்பரப்பின் அகச்சிவப்பு நிறமாலை நேரடியாகப் பெறப்பட்டது. 2023-இல் வெளியான ஆய்வு, நீரேறிய சோடியம் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட்டு ஆகிய உப்புகள் கனிமீடில் உள்ளதாகக் கூறியது. இவ்விளக்கமும் மேலும் சோதனைக்கு உட்படுவதே. 2023 ஏப்ரலில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் 2031-இல் வியாழனை அடைந்து, பின்னர்க் கனிமீடையே சுற்றிவரத் திட்டமிடப்பட்டுள்ளது. 2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடையும்.

ஒப்புமையின் எல்லை

உப்பளத்தை ஒப்பீட்டுக் களமாகக் கொள்வதன் எல்லையையும் சுட்டுவது முறையாகும். மரக்காணத்தில் உப்பைப் பிரிப்பது வெப்பம். புறக்கோள் நிலவுகளில் பிரிப்பது குளிர். கடல்நீர் உறையும்போது முதலில் பனி பிரியும். எஞ்சும் நீரில் உப்பு செறியும். மேலும் குளிர்ந்தால் சோடியம் சல்பேட்டும், அதன்பின் நீரேறிய சோடியம் குளோரைடும் படியும். இந்த நீரேறிய உப்பு ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழேயே நிலைபெறும். தமிழகக் கடற்கரையின் வெயிலில் அது விளைய வழியே இல்லை. மேலும் உப்பளங்களில் உவர்நீர் செறியும்போது சில வேளைகளில் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது, உவரில் வாழும் நுண்ணுயிர்களாலாகும். யூரோப்பாவின் பழுப்பு நிறத்துக்குக் கதிர்வீச்சுற்ற உப்பே விளக்கமாகக் காட்டப்படுகிறது. நிறத்தை மட்டும் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிப்பது பிழை. அளம் கற்பிப்பது படிவு வரிசையின் தர்க்கத்தை மட்டுமே. வேற்றுலகத்தின் விடையை அன்று.

எல்லைகளுக்கு உட்பட்டும் இவ்வொப்பீட்டுக்குப் பயன் உண்டு. நீர் எப்போது விளைச்சலுக்கு உரிய செறிவை எய்தியது, கசப்பு நீரை எப்போது வடிப்பது என்பவற்றை அளத்தொழிலாளர் நீரின் நிறமும் தொடுவுணர்வும் கொண்டு அறிவர். இவ்வறிவு அடர்த்திமானி கூறும் எண்ணோடு ஒப்பிட்டு எழுதிவைக்கத்தக்கது. அறிவியல் வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகிய இரு துறையினரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி இது. உப்புச் சான்று பற்றிய பாடத்தைத் தமிழில் கற்பிக்க முற்படும் ஆசிரியர்க்கு, அயல்நாட்டு ஆய்வகப் படத்தை விட மரக்காணத்துப் பாத்தி அண்மையில் உள்ளது. அதற்குரிய சொற்களும் அங்கேயே வழங்குகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. புறக்கோள் ஆய்வில் விண்கலம் தனித்து நின்று உண்மையை நிறுவியதில்லை. கனிமீடின் வளிமண்டலம் பற்றிய தரை அளவீட்டை வாயேஜர் திருத்தியது. யூரோப்பாவின் உப்பு பற்றிய கலிலியோ தரவின் விளக்கத்தைத் தரைத் தொலைநோக்கியும் ஆய்வகமும் ஹப்பிளும் திருத்தின. என்செலாடசில் தரையின் இன்மைச் சான்று காசினியின் உண்மைச் சான்றுக்குப் பொருள் தந்தது. திருத்தம் ஒரே திசையில் நிகழவில்லை.

இவ்வரலாற்றில் காவலூரின் இடம் உறுதியானது. அது வெற்றி மட்டுமே நிறைந்த இடமன்று. 1972-இல் அளவு மிகைப்பட்டது. 1977-இல் பதிவு சரியாக இருந்து பெயர் பிழைபட்டது, அதே ஆண்டில் திருத்தப்பட்டது. பிழையை நீக்கிவிட்டுப் பெருமையை மட்டும் எழுதினால், அவ்வொளிவரைவுகளை எடுத்தோர் செய்த பணியின் இயல்பே மறைந்துபோகும். அளந்ததும், அறிவித்ததும், மறுக்கப்பட்டதும், திருத்திக்கொண்டதும் ஆகிய நான்கும் சேர்ந்ததே அவர்களது பணி. வாயேஜர் சுமந்து சென்ற தட்டில் தமிழில் வாழ்த்து இல்லை. அக்கலம் கனிமீடில் சரிபார்த்த எண்ணிலும், யுரேனசில் படமெடுத்த வளையங்களிலும் தமிழ்நிலத்திலிருந்து எடுத்த அளவீடு உண்டு. வருங்கால ஆய்வு தேடவேண்டியது இவ்வளவீடுகளின் மூலப் பதிவுகளையும், அவற்றைத் திருத்திய கடிதப் போக்குவரத்தையுமே ஆகும்.